பின்புறத்தில் ஒரு தடைப்பொருள்

கோதுமை அறுவடை முடிந்து, பள்ளி திறப்பதற்கு ஒரு வாரமே எஞ்சியிருந்த ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமையன்று, காலை ஒன்பது மணிக்கு, எங்கள் பள்ளிப் பேருந்தில் இன்ஜின் இல்லை என்று மாநில அரசு கண்டறிந்தது. பேருந்து அப்போதுதான் ஓடி வந்து நின்றிருந்தது. ஆனால் அது ஓடி வந்தது ஆய்வுக்கு உட்பட்ட செய்தி அன்று.

பேட்ஜர் ஃபோர்க் என்பது ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, சமவெளியில் உள்ள எங்கள் சிற்றூர். அதன் பள்ளிக் குழுவில் நான் உறுப்பினர். மேட்டுப் பண்ணைகளில் வாழும் குழந்தைகள் பள்ளிக்கு வரப் பேருந்தைத் தவிர வேறு வழி இல்லை. அவர்கள் வராவிட்டால் எண்ணிக்கை குறைந்து பள்ளியே மூடப்படும். பழைய பேருந்து வசந்த காலத்தில் உயிரை விட்டதால், மேற்குக் கடற்கரையிலிருந்து இன்னொரு பழைய பேருந்தை மலிவாக வாங்கினோம். அங்கே மலைப்பாதைகளுக்கென்று, முகம் தட்டையாகவும் இன்ஜின் பின்னாலும் இருக்குமாறு பேருந்து செய்வது நெடுநாள் வழக்கம். எங்கள் சமவெளியிலோ பேருந்து என்றால் அதற்கு மூக்கு உண்டு. மூக்குக்குள் இன்ஜின் உண்டு. வந்தது மூக்கில்லாத பேருந்து. ஊரார் அதற்கு ரொட்டிப்பெட்டி என்று பெயர் வைத்தனர்.

ஆய்வாளர் ஓரின் ஹாகன் நேர்மையானவர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. "ஆய்வாளர் வாகனத்தின் முன்புற மூடியைத் தூக்கி, இயந்திரம் உள்ளதை உறுதி செய்தல் வேண்டும்" என்று கையேடு கூறியது. அவர் தூக்கினார். உள்ளே கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு குளவிக்கூடும் இருந்தன.

"இன்ஜின் இல்லையேம்மா," என்றார் ஓட்டுநர் டார்லா பெக்கிடம்.

"பின்னாடி இருக்கு சார்."

"பின்னாடி பாக்கறது புத்தகத்துல வேற பத்தி. அது அப்புறம் வரும். இப்ப முன்னாடி பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப இவ்வளவு தூரம் இது எப்படி சார் வந்துச்சு? நான் தள்ளிக்கிட்டா வந்தேன்?"

"எப்படி வந்துச்சுன்னு புத்தகத்துல கேள்வி இல்லம்மா."

முறைப்படி பின்புறப் பத்தியும் வந்தது. அவசர வெளியேற்றத்துக்காகப் பின்புறம் தடையின்றி இருத்தல் வேண்டும். ஹாகன் பின் மூடியைத் திறந்து, உள்ளிருந்து வந்த அனலில் இரண்டடி விலகி நின்றார்.

"இது என்ன?"

"அதான் சார் இன்ஜின்."

"இன்ஜின் இல்லேன்னு ஏற்கெனவே எழுதிட்டேனே. எழுதினதை அடிச்சா செல்லாது." சற்று யோசித்தவர், அழகான கையெழுத்தில் இவ்வாறு பதிவு செய்தார்: பின்புறத்தில் கனமான, சூடான தடைப்பொருள் ஒன்று. அகற்றுக.

"அதை எடுத்துட்டா வண்டி ஓடாது சார்."

"இன்ஜின் இல்லாத வண்டி எப்படியும் ஓடாதேம்மா," என்றார் ஹாகன். கனிவாகத்தான் சொன்னார்.

டார்லாவின் வீடும் மேட்டுப் பகுதியில்தான். அவளுடைய இரட்டையரில் இளையவளுக்கு ஆஸ்துமா. பேருந்து ஓட்டுநர் பகுதிநேர ஊழியர் என்பதால் மருத்துவக் காப்பீடு கிடையாது. ஒவ்வொரு குளிர்காலமும் அவள் சம்பளம் மருந்துக்கடை வழியாகவே வீடு போய்ச் சேரும். இப்போது அந்தச் சம்பளமும் போகவிருந்தது.

பள்ளிக் கண்காணிப்பாளர் கென்ட் விக்ஸ்ட்ரம் அந்தக் கோடையில்தான் மாநிலத் தலைநகரில் ஒரு பயிலரங்கை முடித்துத் திரும்பியிருந்தார். அதன் பின்னர் அவர் சிக்கல் என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. எல்லாமே வாய்ப்பு. வாய்ப்புகளைப் பெரிய தாளில் வண்ணப் பேனாவால் வட்டமிடுவார். என் வகுப்பில் படித்த காலத்தில் அவருக்கு வட்டம் போட வந்ததில்லை.

"டீச்சர், ஒண்ணு யோசிங்க. இன்ஜின் இல்ல, ஆனா கூரை இருக்கு. ஜன்னல் இருக்கு, ஹீட்டர் இருக்கு, உக்கார இடம் இருக்கு. அது என்ன?"

"பேருந்து, கென்ட்."

"கட்டடம் டீச்சர்."

தலைநகரின் போக்குவரத்துத் துறை, இன்ஜின் இல்லாதது வாகனம் ஆகாது என்று எழுத்து மூலம் உறுதி செய்தது. கட்டடத் துறை, கூரையும் ஹீட்டரும் மாணவர் இருக்கைகளும் கொண்டது வகுப்பறையே என்று மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டது. வகுப்பறையை மேட்டிலிருந்து ஊருக்குக் கொண்டுவருவது எப்படி? எங்கள் பக்கத்தில் மனிதர் குடிபெயர்ந்தால் வீட்டையும் பெயர்த்து நெடுஞ்சாலையில் கொண்டு போவது சாதாரணம். அதற்கென்று அனுமதிச் சீட்டு உண்டு. முன்னே ஒரு வண்டி, பின்னே ஒரு வண்டி, ஆரஞ்சுக் கொடிகள், "அகலமான சரக்கு" என்ற பலகை. ஆகவே செப்டம்பர் முதல் நாள்தோறும் காலையில் ஒரு கட்டடம் ஊருக்குள் குடிவந்தது. மாலையில் காலி செய்துகொண்டு போனது. முன்வண்டியும் பின்வண்டியும் குழுத் தலைவரின் இரண்டு மருமகன்களுடையவை.

கட்டடத்துக்குரிய விதிப்படி எல்லாம் பொருத்தப்பட்டன. "வெளியேறு" என்று ஒளிரும் பலகை, கதவு எண், கூரையில் ஒரு கொடிக்கம்பம். எங்கள் வட்டாரத்துக் கட்டடங்களுக்கும் ஆய்வாளரான ஹாகன் வந்து சுற்றிப் பார்த்து, "கட்டடத்துக்கு இது நல்ல கட்டடம்," என்று கையொப்பமிட்டார். தடைப்பொருளைக் கட்டடத்தின் கொதிகலன் என்று வகைப்படுத்தினர். கட்டடத்துக்கு ஓட்டுநர் இருக்க முடியாது என்பதால் டார்லா அதன் காப்பாளர் ஆனாள்: முழுநேரப் பணி, காப்பீட்டுடன்.

அதன் பின்னரே விக்ஸ்ட்ரம் மிகப் பெரிய வட்டத்தை வரைந்தார். மாணவர் வகுப்பறையில் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மாநிலம் பள்ளிக்கு மானியம் தருகிறது. மேட்டுக் குழந்தைகள் விடியும்போதே வகுப்பறைக்குள் ஏறிவிடுகிறார்கள். பயணமும் பாட நேரமே என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் குழு உறுப்பினர் என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். ஊர்க் குழந்தைகளும் அந்தச் சலுகையைக் கோரவே, கட்டடம் அவர்களை ஏற்றிக்கொண்டு தானியக் கிடங்கை இரண்டு சுற்று சுற்றிவந்தது. பாட மணிக்கணக்கு நிறைந்துவிட்டதால் மதியமே பள்ளி விட்டது. பெற்றோருக்குப் பண்ணை வேலைக்கு ஆள் கிடைத்தது. விளையாட்டுக்கூடத்துக்குப் புதிய கூரை கிடைத்தது. ஜனவரியில் டார்லாவின் இளைய மகள் மூச்சுக்குத் தவித்தபோது மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது; பணம் எங்கே என்று எவரும் கேட்கவில்லை.

ஏப்ரலில், பனி கரைந்த சேற்றில், ஹாகன் தொப்பியைக் கையில் பிடித்தபடி பள்ளி முற்றத்துக்கு வந்தார். விடுமுறைக்குக் கடற்கரை சென்றவர் அங்கே தட்டை முகப் பேருந்துகள் வரிசையாகச் செல்வதைக் கண்டாராம். ஒன்றின் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தாராம். அதன் பின் தூக்கம் இல்லை.

"தப்பு என்னோடதுதான். இதுல இன்ஜின் இருக்கு. பின்னாடி இருக்கு. எல்லாத்தையும் திருத்தி எழுதணும்."

முற்றத்தில் நின்றிருந்த பெற்றோர் அனைவரும் சேற்றைப் பார்த்தனர்.

"எந்த இன்ஜின்?" என்றார் விக்ஸ்ட்ரம்.

"சத்தம் கேக்குதே. இப்பக்கூட ஓடிக்கிட்டிருக்கு."

"அது கொதிகலன் சார்," என்றார் மூத்த மருமகன். "கொஞ்சம் இரையும். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

ஹாகன் கடைசி நம்பிக்கையாக டார்லாவிடம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா. அன்னைக்கு நீதானே சொன்னே, பின்னாடி இருக்குன்னு. இன்ஜின் இல்லேன்னா இது தினமும் எப்படி வருது?"

டார்லா தன் இளைய மகள் அமர்ந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

"எப்படி வருதுன்னு புத்தகத்துல கேள்வி இல்லையே சார்."

ஜூன் மாதத்தில் மாநிலம் மானியத்தை முழுமையாகச் செலுத்தியது. டீசல் செலவையும், வெயிலடித்த மாதங்கள் உட்பட, கட்டடத்தைச் சூடாக்கிய வகையில் ஏற்றுக்கொண்டது. இல்லாத வாகனத்தை ஆய்வு செய்ய வந்து போன பயணச் செலவை ஹாகன் ஜூலைச் சம்பளத்திலிருந்து திருப்பிச் செலுத்தினார். மானியச் சுமையைச் சமாளிக்க மாநிலம் உயர்த்திய சொத்து வரியை நாங்கள் நவம்பரில் செலுத்தினோம். வரிசையில் நின்ற அனைவரும், அரசாங்கம் மக்கள் பணத்தை இப்படி வீணடிக்கிறதே என்று மனம் நொந்து பேசிக்கொண்டோம்.