பாலத்தடி ஓட்டை

முதலில் அந்த ஓட்டை ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான் இருந்தது. வோப்பே உறைந்த கால்வாயின் மேல் குப்புறப் படுத்து, பாலத்தடியில் தலையை நீட்டி அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் அதுகிட்ட பேசிக்கிட்டிருக்கப் போற?" மனைவி ஔக்யே பாலத்தின் மேலிருந்து கேட்டாள். "பட்டாணி சூப் ஆறுது."

"மெதுவா பேசு. யார் காதுலயாவது விழப்போகுது."

விழக்கூடாதுதான். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் ஊர்களை உறைந்த கால்வாய் வழியே சுற்றிவரும் சறுக்குப் பந்தயம் நடந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. குளிர்காலமே போய், ஜனவரியிலும் புல் வெட்டுகிற காலமாகிவிட்டது. இந்த ஆண்டு அதிசயமாகக் குளிர் வந்திருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சறுக்குக் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். வழிநெடுகக் கால்வாயின் ஒவ்வொரு துண்டுக்கும் ஐஸைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர். பாலத்தடித் துண்டு வோப்பேயுடையது. அவர் அப்பா பார்த்த வேலை. ஒரே ஒரு துண்டு இளகினாலும் பந்தயம் கிடையாது.

மாலையில் பந்தயக் குழு அலுவலகத்திலிருந்து யித்ஸ்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். பொறுப்பாளர்களிடம் தினமும் விசாரிப்பவள் அவள்தான்.

"எப்படி இருக்கு, வோப்பே?"

"கல்லு மாதிரி இருக்கு."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க! இந்தத் தடவை நடந்துடும் போலிருக்கே!"

ஊரெல்லாம் கல், இவர் இடத்தில் மட்டும் ஓட்டை.

"எல்லாம் வாத்துங்க பண்ற வேலை," என்று விளக்குமாற்றோடு ஓடினார். பறந்துபோன வாத்துகள் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்து நீந்தின. ஓட்டை மேசையளவானது.

நல்ல இடத்து ஐஸை அறுத்து ஓட்டையில் ஒட்டுப்போடுவது அந்தப் பக்கத்துப் பழைய வைத்தியம். பக்கத்துப் பண்ணை ஹில்கேயின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலிருந்து ஒரு பாளத்தை அறுத்துக் கொண்டுவந்து இறக்கினார். அதன் பாரத்தில் சுற்றியிருந்த விளிம்பும் சேர்ந்து உடைந்தது.

சற்று நேரத்தில் இடுப்புவரை நனைந்த ஹில்கே வந்து நின்றான்.

"எவன்டா என் கால்வாயைத் திருடினது?"

"கத்தாதே, உள்ள வா. ஜின் ஊத்தறேன்."

மூன்றாவது கோப்பையில் ஹில்கே கூட்டாளியாகிவிட்டான். "இது வாத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணியே சூடாகிப்போச்சு. ஜனங்க விமானத்துல பறந்து பறந்து உலகத்தைக் கெடுத்துட்டாங்க."

"உன் கொட்டாய்ல நிக்குற அத்தனை மாடும் ஏப்பம் விடுதே, அது என்ன கணக்கு?" என்றாள் ஔக்யே.

"என் ஒருத்தன் மாட்டாலயா உலகம் சூடாகுது? நீங்க போன வருஷம் ஸ்பெயினுக்கு நடந்தா போனீங்க?"

"அது ஒரே ஒரு தடவை," என்றார் வோப்பே.

ஹில்கே யோசனை சொன்னான். "வைக்கோலைப் பரப்பி மூடிடலாம். குளிர் உள்ளேயே நிக்கும்."

மூடினார்கள். மறுநாள் திறந்து பார்த்தால், கம்பளி போர்த்திய குழந்தை மாதிரி தண்ணீர் சுகமாகக் கிடந்தது. இப்போது அதில் ஒரு படகே போகலாம்.

சாலையில் தொலைக்காட்சி வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன. யித்ஸ்கே கேட்டபோது வோப்பே மறுபடியும் "கல்லு" என்றார். குரல்தான் கல்லாக இல்லை.

ஔக்யே சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "பந்தயத்தன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே இருட்டுல கிளம்புவாங்க. உன் பாலத்தடிக்கு முதல்ல வர்ற பொண்ணுக்கு இருபது வயசு இருக்கும். உள்ள போனா ஐஸுக்கு அடியில தேடணும். அவ அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு, கல்லு மாதிரி இருந்துச்சுன்னு."

"நான் சொல்லிட்டா பந்தயம் நின்னுடும். இனி இப்படி ஒரு குளிர் வராது ஔக்யே. ஜனங்க சாகுறவரைக்கும் சொல்லுவாங்க, வோப்பேயாலதான் நின்னுபோச்சுன்னு."

"சொல்லட்டும். உயிரோட இருந்து சொல்லட்டும்."

அவர் தொலைபேசியை எடுத்தார்.

"யித்ஸ்கே, மன்னிச்சிடும்மா. நான் சொன்னதெல்லாம் பொய். என் துண்டுல பெரிய ஓட்டை. என் ஒருத்தனாலதான் எல்லாம் கெட்டுது."



"நீங்களுமா, வோப்பே? காலையிலேருந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, 'என் இடத்துல மட்டும்தான் ஓட்டை'ன்னு அழுதாங்க. உங்க இடமாவது தாங்குதுன்னு நம்பிக்கிட்டிருந்தோம்."