உன் அக்காவின் கற்களைச் சோதித்த விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. வழக்கமாக இந்த இடத்தில் 'நலம்' என்று எழுதுவேன். உன் அக்கா போன பிறகு அந்த வார்த்தைக்குக் கை வரமாட்டேன் என்கிறது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

உன் மனைவியைக் குறை சொல்வதாக நினைக்காதே. துக்கம் கேட்க வருபவர்கள் உட்கார இடம் வேண்டுமே என்று அவள் வீட்டை ஒழித்தது நல்ல மனசில்தான். ஆனால் அக்காவின் கண்ணாடி அலமாரியில் இருந்த கற்களையும் வாளியில் கொட்டி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, அடியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை அழுக்கு என்று உரித்துப் போட்டுவிட்டாள். அலமாரியை அக்கா பெயர் எழுதி, அவள் பாடம் நடத்திய கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வைப்பதாக இருந்த பேராசிரியை, அக்காவிடம் படித்தவர்தான், வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். எது எதென்று தெரியாத கல் வெறும் ஜல்லிதான் சார் என்றார். தேர்வு வேலை கழுத்தை நெரிக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே இனம் பிரித்துச் சீட்டு ஒட்டினால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மன்னிக்கணும் என்று சொல்லி, சோதிக்கும் முறையையும் விளக்கிவிட்டுப் போனார். நானோ வேலை பார்த்த காலமெல்லாம் தபால் பிரித்தவன். முகவரி இல்லாத கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பலாம், கல்லை எங்கே திருப்புவது?

கனிமங்களில் அக்கா சேர்த்தது இரண்டே குடும்பம். சல்பைடு, கார்பனேட். சல்பைடு கனக்கும், உலோகம் மாதிரி மினுங்கும், டைல்ஸில் உரசினால் கருப்பாகவோ கலராகவோ கோடு விழும். கார்பனேட்டில் அமிலம் விட்டால் நுரைக்கும். கேட்க எவ்வளவு சுலபம். உரசிப் பார்க்கக் குளியலறை டைல்ஸில் தேய்த்தேன், எந்தக் கல்லும் கோடு போடவில்லை. வழவழப்பான முகத்தில் தேய்க்கக் கூடாது, பின்பக்கம்தான் என்று பிறகு தெரிந்து இரண்டு டைல்ஸைப் பெயர்த்தேன், இப்போது சுவரில் தண்ணீர் இறங்குகிறது. தங்கம் போல மினுங்கிய இரண்டில் கண்ணாடியைக் கீறுவதுதான் பைரைட்டாம், அதை அறிய ஜன்னல் கண்ணாடியில் கீறினேன். கீறியது பைரைட்தான், சந்தேகமில்லை, அழுத்திய வேகத்தில் ஜன்னல் கண்ணாடியும் உடைந்து விழுந்துவிட்டது. கலீனா என்ற சாம்பல் கல் பார்க்கச் சின்னது, கனமோ இரும்புக் குண்டு. கால் விரலில் விழுந்து சின்னச் சின்னப் பெட்டிகளாக உடைந்தது. அப்படி உடைந்தால் கலீனாவேதான் என்று போனில் பேராசிரியை சந்தோஷப்பட்டார், விரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கால்சைட்டில் விட்ட அமிலம் வழிந்து நம் பளிங்குத் தரையும் புசுபுசுவென்று நுரைத்தது. பளிங்கும் கார்பனேட்தானாம், அதன் மேல்தான் இத்தனை நாளாக நடந்திருக்கிறேன். கடைசியாக ஒரு பழுப்புக் கல்லைப் பொடித்து அமிலம் விட்டேன், அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது. அப்படி நாறினால் ஸ்பேலரைட் என்ற சல்பைடாம், அதைச் சீட்டில் நான் எழுதி முடிப்பதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரர் கேஸ் கசிகிறது என்று கத்த, மொத்தக் கட்டடமும் தெருவுக்கு வந்துவிட்டது. நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களோடு நின்றேன். எங்கே கசிவு என்று என்னையே கேட்டார்கள்.

இவ்வளவும் யாருக்காக? எனக்குத் தலைவலி என்றால் தைலம் தடவிக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போகிறவள், கல்லில் ஒரு கீறல் விழுந்தால் சாப்பிடமாட்டாள். கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தாள், என்னை வெறுங்கண்ணால்கூட நிதானமாகப் பார்த்ததில்லை. செத்தவளிடம் பொறாமைப்படுவது அசிங்கம்தான். படுகிறேன்.

எல்லாம் முடிந்து ஒரே ஒரு கல் மிச்சம். புளியங்கொட்டை அளவு, சொரசொரப்பு, கனமில்லை, மினுக்கில்லை. கார்பனேட் மாதிரியே கத்தி கீறுகிறது, ஆனால் அமிலம் விட்டால் நுரைக்கவில்லை. டோலமைட் என்ற கார்பனேட் பொடித்தால்தான் நுரைக்குமாம், அதனால் பாதியை உரலில் இடித்துப் பார்த்தேன். அப்போதும் சும்மாவே கிடந்தது. இரண்டு குடும்பத்திலும் சேராததை அக்கா எதற்கு வைத்திருந்தாளோ, மீதியை ஜன்னல் வழியாக எறியப் போகிறேன், அங்கேதான் இப்போது கண்ணாடி இல்லையே. சனிக்கிழமை வண்டியோடு வந்து அலமாரியைக் கல்லூரியில் இறக்கிவிடு. அது கண்ணில் படும்வரை எனக்கு நிம்மதியில்லை.

உன் மனைவிக்கு என் ஆசிகள். இருவரும் நோய் நொடியில்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் இருங்கள்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் பேராசிரியை வந்துவிட்டார். சீட்டுகள் எல்லாம் சரியாம், அலமாரி போகிறது, அக்கா பெயர் இருக்கும். எறிய எடுத்து வைத்த அந்தப் பாதிக் கல்லைப் பார்த்ததும், "ஐயோ, இத ஏன் சார் இடிச்சீங்க?" என்றார். அது கனிமமே இல்லை. கல்யாணமான புதிதில் என் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல். வருஷாவருஷம் கடைசி வகுப்பில் அக்கா அதை மாணவர்கள் கையில் கொடுத்து இனம் காணச் சொல்வாளாம், யாராலும் முடியாதாம். "அப்புறம் மேடமே சொல்லுவாங்க. இது என் வீட்டுக்காரரோடது, ஆபரேஷன் அன்னைக்கு இவர் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு வராந்தாவுல உக்காந்து அழுதேன், அதான் கூடவே வச்சிருக்கேன்னு."

அழுதாளாம், தம்பி. என்னிடம் சொல்லவே இல்லை. மேலே அவளைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. கல்லூரி வண்டியே வருகிறதாம், உன் வண்டி வேண்டாம். நீ மட்டும் வா. எனக்கு இங்கே தனியாக இருக்க முடியவில்லை.