சட்டித்தலையரும் வாய் திறக்கும் சோதனையும்

யுத்த காலத்தில் கொழும்பில் குண்டுக்குப் பயப்படாத ஒரே தமிழர் எங்கள் சட்டித்தலையர்தான். அவர் பயந்தது பஸ்கள் பறக்கும் காலி வீதி என்ற பெருந்தெருவுக்கு மட்டும்.

வெள்ளவத்தைச் சைவக் கடையொன்றிலிருந்து கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோவது எங்கள் வேலை. அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். நான் பார்சல் பையோடு பின்னால் இருப்பேன். சட்டி கவிழ்த்ததுபோல் எப்போதும் ஹெல்மெட் போட்டிருந்ததால் வந்த பட்டம் அது; அவருடைய உண்மையான பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது. ஹெல்மெட்டோடுதான் தேத்தண்ணி குடிப்பார். ஹெல்மெட்டோடு சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி ஏச்சும் வாங்கினார்.

"குண்டு எப்பவாவதுதான் வெடிக்கும், தம்பி. பஸ் ஒவ்வொரு நாளும் வருது" என்பார்.

எனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கித் தந்திருந்தார். அதை மாட்டி, தாடையின் கீழ் வாரை இறுக்கி, "வாயைத் திற" என்பார். திறக்கும்போது ஹெல்மெட் உச்சந்தலையை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வார் தளர்வு. "இன்னும் திற. வடை தின்னேக்க திறக்கிறாய்தானே!" கூச்சக்காரனான நான், பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைகள் முன்னால் வாய் பிளந்து நிற்பேன்.

சோதனைச் சாவடிகள்தான் பெரிய கரைச்சல். முகம் தெரிய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். ஒன்றைக் கடந்தால் அடுத்தது கண்ணுக்குத் தெரியும். முகம் மூடிய தமிழனைக் கண்டால் சிப்பாயின் கைத் துவக்கு நிமிரும் என்ற பயம் வேறு. அதனால் எங்கள் ஆட்கள் ஹெல்மெட்டை முழங்கையில் கொழுவிக்கொண்டுதான் ஓட்டுவார்கள். முழங்கைக்கு நல்ல பாதுகாப்பு. சட்டித்தலையர் மட்டும் ஒவ்வொரு சாவடியிலும் கழற்றி, மறுபடி மாட்டி, என் வாயையும் திறக்கச் செய்வார். ஒரு சிப்பாய் சிரித்துக்கொண்டு, "அய்யே, ஹந்தட்டத யன்னே?" என்றான். அண்ணே, சந்திரனுக்கா போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

"கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தாலே காணும்" என்று இவர் தமிழில் முணுமுணுத்தார்.

ஒருநாள் காலையில் நகரத்தில் குண்டு வெடித்தது. அன்று மத்தியானம் சாவடியில் யாரும் சிரிக்கவில்லை. புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் அவருடைய ஹெல்மெட்டைப் பறித்து, உள்பஞ்சைக் கத்தியால் கிழித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. திருப்பித் தந்தபோது வார் அறுந்திருந்தது.

"அண்ணை, என்ரயைப் போடுங்கோ. நான் சும்மா பின்னாலதானே."

"பின்னால இருக்கிறவனுக்கு வாறது தெரியாதடா. வாயைத் திற."

திறந்தேன். அழுத்தியது. அவர் வாரில்லாததைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். "இண்டைக்குத்தான் இது உண்மையான சட்டி" என்று சொல்லி, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

அடுத்த சாவடிக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை. எங்களை முந்திய பஸ் ஒன்று திடீரென்று குறுக்கே ஒதுங்கியது. நான் தலைகீழாக விழுந்தேன். என் ஹெல்மெட் பிளந்தது, தலை பிளக்கவில்லை. அவருடையது விழும்போதே கழன்று, சாம்பாரும் சோறும் கொட்டிக் கிடந்த வீதியில் தனியாக உருண்டு போனது. அவர் எழும்பவில்லை.

செத்தவீட்டில்தான் அவருடைய பெயரைக் கேட்டேன். அது எனக்கு வாயில் வரவில்லை. சட்டித்தலையர் என்றே அழுதேன்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஏறுமுன் வீதியோரம் நின்று வாயைப் பெரிதாகத் திறப்பேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் உச்சந்தலையில் அவர் கை வைப்பதுபோல் அந்த அழுத்தம் வரும்வரை நான் வாயை மூடுவதில்லை.