கீழைப்பற்றில் ஆனந்தக் கண்ணீர் விட்ட முதியவர்

கீழைப்பற்று,
கொல்லம் 1131, மாசி மாதம்

'தென்கோடித் தூதன்' பத்திராதிபர் அவர்கள் சமுகத்துக்குக் கைலாசநாதன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் க்ஷேமம். தாங்களும் சுகமாயிருக்க வேண்டும்; இருந்து, நான் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

'கீழைப்பற்றில் எண்ணெய்க் கிணறு: பொதுஜனங்கள் ஏகமனதாக ஆதரவு' என்று போன வெள்ளிக்கிழமை போட்டிருக்கிறீர்கள். யாரு ஓய் அந்தப் பொதுஜனம்? துளை போடப்போவது என் வயலில். கும்பப்பூ நெல் கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கிறது. குழாய் இறக்கி, எங்கள் குளத்துத் தண்ணீரை உள்ளே அமுக்கிப் பாறையைப் பிளந்தால் மண்ணெண்ணெய் ஊறி வருமாம். குளம் வற்றிப்போனால் அடுத்த பூ நெல்லுக்கு மண்ணெண்ணெயையா பாய்ச்சுவேன்?

'பெண்கள் குரவையிட்டு வரவேற்றனர்' என்று எழுதிய உங்கள் நிருபருக்குக் கண் இருக்கிறதா? என் மகள் அழகம்மைக்கு அன்றைக்குத்தான் ஆண்பிள்ளை பிறந்தது. வீட்டுப் பெண்கள் குரவையிட்டார்கள். பிள்ளை பிறந்தால் பின்னே ஒப்பாரியா வைப்பார்கள்? அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஜீப் வந்தது. குரவை தங்களுக்குத்தான் என்று எண்ணி ஆபீசர்மார் வண்டிக்குள்ளிருந்தே கும்பிட, டிரைவரும் கும்பிட, வண்டி வரப்பு ஏறி வயலுக்குள் இறங்கிவிட்டது. விளைந்த கதிரெல்லாம் சக்கரத்துக்கடியில். 'ஐயோ, நிறுத்துங்கப்பா!' என்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதுகொண்டே ஓடினேன். அதைத்தான் 'முதியவர் ஒருவர் கைகூப்பி ஆனந்தக் கண்ணீர் வடித்தார்' என்று போட்டிருக்கிறீர். வயிறு எரியுது ஓய்!

அப்புறம் நிருபர் அபிப்பிராயம் கேட்கப் போன இடம் தங்கப்பன் சாயாக்கடை. கம்பெனி ஆள் வந்தால் அவனுக்குச் சாயா விற்கும், வேண்டாம் என்பானா? அங்கே பெஞ்சில் இருந்த கிருஷ்ணமணிக்குச் சாண் நிலம் கிடையாது. 'நாடு முன்னேறண்டாமா?' என்றானாம். முன்னேறட்டும், அவன் அடுக்களை வழியா முன்னேறட்டும்! என் மனைவி பார்வதியம்மாளே, 'எண்ணெய் வந்தா ரேஷன் கடையில போய் நிக்காண்டாம் பாத்துக்கிடுங்க' என்று போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். என் வீட்டுக்குள்ளேயே பொதுஜனம்!

ஆகவே உடனே மறுப்புப் போடவும். இல்லையென்றால் நாகர்கோவிலுக்கே வந்து, உங்கள் ஆபீஸ் நடுவில் குழி தோண்டிவிட்டு, ஊரே ஆதரவு என்று நானே எழுதுவேன்.

தாணுமாலயன் தங்களுக்கு நீண்ட ஆயுசும், நிருபருக்கு நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
ஆ. கைலாசநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் கம்பெனி ஆள் வந்து, என் வயலுக்கடியில் ஒன்றும் இல்லை, பக்கத்துக் கணபதியப்பன் வயலில்தான் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிப் போனான். அப்பாடா என்றுதான் இருந்தேன். சாயங்காலம் கணபதியப்பன் வீடேறி வந்து, 'விடும் ஓய், எல்லாருக்கும் குடுத்து வச்சிருக்காண்டாமா?' என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறான். எங்க மண்ணுக்கு என்ன ஓய் குறை? மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். கைலாசநாதன் வயலிலும் எண்ணெய் உண்டு, கம்பெனி ஓரவஞ்சனை செய்கிறது என்று பெரிய எழுத்தில் போடவும். அறுப்பு வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். குளத்துத் தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.