செங்கம் சாலையில் மௌனம் நிறுவப்பட்ட வரலாறு

உலகத்துக்கு மௌனத்தை அருளிய மகான்கள் பலர் உண்டு. ஆனால் மௌனத்தை இணையத்தின் வழியாக, இரண்டு ஸ்பீக்கர் வைத்து, நேயர்களுக்கு ஒலிபரப்பிய பெருமை திருவண்ணாமலை செங்கம் சாலையிலுள்ள எங்கள் காபிக் கடைக்கே உரியது. நடந்தது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, தை மாதம். கண்ணால் பார்த்தவர்களில் உட்கார்ந்து எழுத நேரமுள்ளவள் நான் ஒருத்திதான் என்பதால், இந்த வரலாற்றைப் பதிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

கடையைத் தொடங்கியவர் என் கணவர் சகாதேவன். ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்குக் கீழே காபி, இட்லி. மாடியில் எங்கள் அறையை ஒட்டி வாடகைக்கு ஓர் அறை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு குண்டுக் கம்ப்யூட்டர். அதில் கடல் கடந்த கம்பெனி ஒன்றின் பாட்டு மென்பொருள். அதுவே இணையத்தில் தேடிப் பாட்டுப் போடும். பிடித்திருந்தால் ஒரு பொத்தான், பிடிக்காவிட்டால் இன்னொரு பொத்தான். நம் ருசியை அது மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும் என்பது கம்பெனியின் வாக்குறுதி.

இவர் அதற்கு வாத்தியாராகவே ஆகிவிட்டார். "காலங்காத்தால இன்னாடா ஒப்பாரி? தள்ளு!" என்று அதட்டிப் பொத்தானை அமுக்குவார். நாதஸ்வரம் வந்தால், "அப்படிப் போடு! இப்பதான் புத்தி வந்துது" என்று மெச்சுவார். இரண்டு வருடத்தில் மாணவன் தேறிவிட்டான். எனக்கு இருபத்தாறு வருடத்திலும் பிடிபடாத மனிதரை ஒரு மென்பொருள் கரைத்துக் குடித்துவிட்டது.

ஆடி மாதம் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசல்வரை பேசிக்கொண்டேதான் வந்தார். காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த அன்று கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர் இருந்தால் எதைப் போடுவாரோ, அதையே போட்டது. ஒரு நாள், அவர் கேட்டே இராத ஒரு நாதஸ்வரத்தை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தது. "இதக் கேட்டீங்களா?" என்று சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். கல்லாவில் யாரும் இல்லை. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே கடையில் ஆள் குறையவில்லை என்றே நான் கணக்கில் வைத்திருந்தேன்.

கார்த்திகையில் கிளாரா அம்மையார் வந்து சேர்ந்தார். ஜெர்மனிக்காரர். வருடாவருடம் எங்கள் பக்கத்து அறையில் தங்குகிறவர். தமிழைப் புத்தகத்தில் கற்றவர். என் கணவரின் மறைவுக்கு முறைப்படி வருந்தினார். மறுநாள் காலை, முகம் மலர, "அம்மையே, இவ்வாண்டு உங்கள் இல்லம் ஞானம் பெற்றுவிட்டது. சென்ற ஆண்டு இரவெல்லாம் சுவருக்கு அப்பால் மரம் அறுக்கும் ஒலி. இப்போதோ பேரமைதி!" என்றார்.

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகன் பிரகாஷ் வந்தான். 'தகவல் தொழில்நுட்ப'த்தில் வேலை. அம்மாவின் துக்கத்தைக் குறைக்க, தட்டையான புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். பழையதை வேங்கிக்கால் கம்ப்யூட்டர் கடை அர்ஜுனன் எடுத்துப்போய், அன்றைக்கே பிரித்து உதிரிபாகமாக்கிவிட்டார். எங்கள் ஊரில் இத்தனை வேகமாக நடந்த வேலை வேறெதுவும் இல்லை.

"எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேம்மா" என்றான் பிரகாஷ்.

உண்மைதான். திரையில் இருந்த திருவண்ணாமலை மலையின் படம் வந்திருந்தது. செங்கத்து மாமாவுக்கு இவர் எழுதிப் பாதியில் விட்ட சண்டைக் கடிதம்கூட வந்திருந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. மென்பொருளைத் திறந்தால், மலைப் படத்தின் மேல் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

காபி மாஸ்டர் காசி வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "மலையத்தான் சுத்துதும்மா. வலமாத்தான் போவுது. தப்பா ஒண்ணும் போவல."

அந்த நேரத்தில் கிளாரா அம்மையார் உள்ளே வந்தார். மலையைப் பார்த்தார். சுற்றும் வட்டத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். கண்ணில் நீர் தளும்பியது.

"அம்மையே, இசைக்கு அப்பால் சென்றுவிட்டீர்கள்!"

மறுநாள் அவரோடு மூன்று பேர் வந்தார்கள். வார முடிவில் நாற்காலி போதாமல் பாய் விரித்தோம். பதினான்கு கிலோமீட்டர் நடக்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கிரிவலம், காபியும் உண்டு. 'மௌன வானொலி நேயர் மன்றம்' முறையாக அமைக்கப்பட்டது. முதல் கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. யாரும் எதுவும் பேசாததால் தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. அவற்றுள் முக்கியமானது: கடையில் காபியை ஓசையின்றி ஆற்ற வேண்டும்.

"ஓசை இல்லாம ஆத்தணும்னா, ஆறிப்போன காபியத்தாம்மா ஆத்தணும்" என்று காசி தன் எதிர்ப்பைப் பதிவு செய்தான்.

வியாபாரம் அமோகம். இவர் இருந்த காலத்தில்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. எனக்குத்தான் சமையல்கட்டில் கை ஓடவில்லை. எந்தப் பாட்டுக்கு எந்த வேலை என்று உடம்புக்குப் பழகியிருந்தது. ஐந்து நாளாக இட்லி மாவில் உப்புப் போட மறந்தேன். நேயர்கள் அதையும் துறவின் ருசி என்று சாப்பிட்டார்கள்.

அர்ஜுனனை வரவழைத்தேன். அவர் மேதை. எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான். "ஃபார்மட் பண்ணா சரியாயிடும்க்கா."

"அதுக்கு முன்னால வேற ஏதாச்சும் பாருங்களேன்."

அவர் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். மோடத்தை ஜன்னலுக்கு அருகில் மாற்றி, காற்று வாங்க வைத்தார். "சவுண்டு கம்மியா இருக்குதோ இன்னாவோ" என்று, கம்ப்யூட்டரில் இருந்த எல்லா அளவையும், ஸ்பீக்கரில் இருந்த எல்லாத் திருகையும் கடைசிவரை ஏற்றினார். வட்டம் சுற்றியது. நேயர்கள் அவருடைய ஒவ்வொரு அசைவையும் பூஜை என்று கருதி வணங்கினார்கள். காபி குடித்துவிட்டு, "எதுக்கும் ஒரு ஃபார்மட்..." என்றார்.

பிரகாஷ் கம்பெனிக்குப் போன் போட்டான். எனக்கும் கேட்கும்படி வைத்தான். ஒரு பெண் தேனாய்ப் பேசினாள். அந்த ஆங்கிலத்தின் சாரத்தை இங்கே தருகிறேன்.

"ஒரு கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீங்கள் முறைப்படி வெளியேற வேண்டும்."

"பழைய கம்ப்யூட்டர் இல்லைங்க."

"அப்படியானால் கணக்கின் உரிமையாளர் திரு. சகாதேவன் பேச வேண்டும்."

"அவர் காலமாகிவிட்டார்."

"மிகவும் வருந்துகிறேன். எப்போது திரும்ப அழைப்பார்?"

பிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

கடைசியில் அவள் மனமிரங்கி ஒரு வழி சொன்னாள். உரிமையாளர் தாமே எழுதி வைத்த ரகசியக் கேள்வி ஒன்று திரையில் வரும். சரியான பதிலைச் சொன்னால் கணக்கு திறக்கும். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால், கணக்கும் அது கற்றுக்கொண்ட அனைத்தும் நிரந்தரமாக அழிக்கப்படும். பாதுகாப்புக் கருதி.

"விடும்மா, புதுசா ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சிடலாம். ஃப்ரீதான்" என்றான் பிரகாஷ்.

"அதுக்கு உங்கப்பாவத் தெரியுமாடா?"

அவன் பொத்தானை அமுக்கினான். கேள்வி வந்தது. இவர் ஆங்கில எழுத்தில் தமிழாகவே எழுதி வைத்திருந்தார். பிரகாஷ் உரக்கப் படித்தான்.

"வீட்ல குறட்டை விடறது யாரு?"

மன்றத்தின் மௌனம் முதன்முறையாகக் கலைந்தது. காசி வாயில் துண்டை அடைத்துக்கொண்டான்.

எங்கள் தாம்பத்தியத்தில் தீர்ப்பாகாமல் இருந்த வழக்கு இது ஒன்றுதான். நான் அவர் என்பேன். அவர் என்னைச் சொல்வார். "ராத்திரி பூரா லாரி ஏத்தம் ஏர்ற மாதிரி சத்தம்டி. அது உனுக்கெப்படிக் கேக்கும்? நீதான லாரி!"

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? அப்பான்னு போடு" என்றேன்.

போட்டான். தவறு.

"முழுப் பேரப் போடு. சகாதேவன்."

தவறு. இன்னும் ஒரே வாய்ப்பு.

"அம்மா" என்றான் காசி, துண்டை எடுத்துவிட்டு. "பாட்டு வேணும்னா உங்க பேரத்தான் போட்டாவணும்."

"நான் குறட்டை விடறதில்லடா!"

"நீங்க விடறீங்கன்னு நான் சொன்னனா? அய்யா இன்னா எழுதியிருப்பாருன்னுதான் சொல்றேன்."

இருபது சாதகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் வாக்குமூலம் கொடுப்பதா, அவரை இரண்டாம் முறை அனுப்பிவைப்பதா? மனிதர் போனபிறகும் என்னை ஒப்புக்கொள்ள வைக்கிறாரே என்று பல்லைக் கடித்தபடி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஆ-தி-ல-ட்-சு-மி.

வட்டம் நின்றது.

அர்ஜுனன் ஏற்றி வைத்த எல்லாத் திருகுகளும் கடைசியில் இருந்தன என்பதை வரலாறு மறக்கக் கூடாது. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி, தவிலோடு சேர்ந்து இடிபோல இறங்கியது. பாயில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். ஒருவருடைய மூக்குக்கண்ணாடி சாம்பாரில் விழுந்தது. தெருவில் போன ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திக் கும்பிட்டார். காசி தம்ளரைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு கெஜ நீளத்துக்குக் காபி ஆற்றினான். நான் உள்ளே போய் மாவில் உப்புப் போட்டேன். கண்ணைத் துடைத்த கையோடு போட்டதால் கொஞ்சம் ஜாஸ்தியாகியிருக்கலாம்.

மன்றம் அன்றே கலைந்தது. கிளாரா அம்மையார் மட்டும் கடைசியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வருந்தாதீர்கள் அம்மையே. கீழே மௌனம் போனாலும் மேலே இருக்கிறது. ஆறு வருடமாக வருகிறேன். இவ்வளவு அமைதியான இரவுகளை உங்கள் அறை இதற்குமுன் அறிந்ததே இல்லை!"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தேன். ரகசியக் கேள்வியின் பதிலை மாற்றிக்கொள்ளும் வசதியும் இருந்தது. என் பெயரை அழித்தேன். 'சகாதேவன்' என்று எழுதினேன்.

'நிச்சயமாகவா?' என்று கேட்டது கம்பெனி.

சுவரின் இந்தப் பக்கம் படுத்தவள் நான், இன்னமும் அங்கேதான் படுக்கிறேன். ஆடியிலிருந்து சத்தமில்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து சாட்சி சொல்ல ஒரு ஜெர்மன் அம்மாள் இருக்கிறார். ஏங்க, பகவான் பேரால் எல்லோரும் புகழ்கிற அந்த மாபெரும் மௌனம், உண்மையில் உங்களுக்கு எதிரான சாட்சியம்.

'ஆம்' என்பதை அமுக்கினேன். குறட்டை விட்டது நீங்கதான்.