ரிக்கற் எடுத்த கதிரை

இந்தத் தீவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரைக்கு முழு பஸ் ரிக்கற் எடுத்தவன் ஒருவன்தான் இருக்கிறான். அவன் என் நண்பன். மறுப்பவர்கள் தங்கள் ஊர்க் கதிரையின் ரிக்கற்றோடு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

அவனுடைய சொந்தப் பெயர் வளாகத்துப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கு அவன் ‘கந்தோர்’, அதாவது அலுவலகம். கிளிநொச்சிப் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் நாங்கள் படித்த காலம். ஆண்கள் விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவனுடையது. அவன் சைக்கிள் கரியரில் ஒரு சிவப்புக் கதிரை எப்போதும் தலைகீழாகக் கட்டியிருக்கும். மழை பெய்தாலும் அவிழ்க்கமாட்டான். பரீட்சைக்குப் போனாலும் அதோடுதான் போவான்.

“உதென்னத்துக்கு மச்சான்?” என்று முதல்முறை கேட்டேன்.

“கம்பனியின்ர கந்தோர்.”

“கம்பனி எங்க?”

“யோசிச்சுக்கொண்டிருக்கிறன். முதல்ல கந்தோர் இருக்கட்டும்.”

கம்பனிக்கு முன்பே கந்தோர் வந்தது போல, கம்பனிக்கு முன்பே ரப்பர் முத்திரையும் வந்துவிட்டது. விடுதியில் யார் எதை எழுதினாலும் கேட்காமலே முத்திரை குத்தித் தருவான். என்னுடைய சுகயீன விடுப்புக் கடிதம் ஒன்றை ‘பணிப்பாளர் சபை அங்கீகரித்தது’ என்ற முத்திரையோடு பார்த்த விரிவுரையாளர், அந்தச் சபை எந்தப் பீடத்துக்குரியது என்று விசாரித்தார்.

அந்த வருடங்களில் எங்கள் வளாகத்தில் கம்பனி தொடங்காதவனைச் சோம்பேறி என்றே பார்த்தார்கள். கொழும்பிலிருந்து கோட் போட்டவர்கள் வருவார்கள். வேலை தேடாதீர்கள், வேலை கொடுங்கள் என்பார்கள். பிறகு குளிரூட்டிய வான் வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். நாங்கள் கைதட்டிவிட்டுப் போய்ப் படுப்போம். கந்தோர் மட்டும் அன்றைக்கே வேலை கொடுக்கத் தொடங்கிவிடுவான், பெரும்பாலும் எனக்கு.

முதல் கம்பனி பாலைப்பழம். எங்கள் காட்டுப் பழத்தைக் கொழும்புக்காரருக்குத் தபாலில் அனுப்புவது திட்டம். பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், அது மரத்திலிருந்து வாய்க்கு வருவதற்குள்ளேயே பாதி ஒட்டிக்கொண்டுவிடும். முதல் பொதியைத் திறந்த வெள்ளவத்தைப் பெண்மணி, எறும்பு நன்றாக இருக்கிறது, பழத்தை எப்போது அனுப்புவீர்கள் என்று எழுதினார். கந்தோர் அசரவில்லை. “பழத்தில பிழையில்லை. தூரத்திலதான் பிழை,” என்று சொல்லி அந்தக் கம்பனியை மூடினான்.

இரண்டாவதுதான் பெரிய கம்பனி. பெயர் ‘வரிசை’. நெல் வெட்டுகிற மெசினை விவசாயிகள் போனில் பதிவு செய்கிற செயலி. எங்கள் பக்கத்தில் நெல் விளைகிற காலத்தில் மெசினுக்கு நடக்கிற இழுபறி சொல்லி முடியாது. செல்வாக்கு உள்ளவர் வயலுக்கு மெசின் முதலில் போகும். ஒரு ஏக்கர்க்காரர் கடைசிவரை காத்திருப்பார், மழை அவரை முந்திவிடும். இனி யார் முதலில் பொத்தானை அமுக்குகிறாரோ அவருக்கே முதல் மெசின், அவர் மந்திரியின் மச்சானாக இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்பது கந்தோரின் சட்டம். எங்கள் வகுப்புக் கௌரி இரண்டு மாதத்தில் செயலியை எழுதிவிட்டாள். எனக்கு மக்கள் தொடர்பு. அதாவது கதிரையைக் கட்டுவதும் அவிழ்ப்பதும்.

ஆள் சேர்க்க முரசுமோட்டை வயல்வெளிக்குப் போவோம். கந்தோர் றோட்டோரத்தில் கதிரையை வைத்து, வருகிற விவசாயியை உட்காரச் சொல்வான். அவர்கள் கூச்சப்படுவார்கள்.

“சாரமெல்லாம் சேறு தம்பி, கதிரை பழுதாப்போம்.”

“கழுவலாம் ஐயா. இருங்கோ.”

அவர் உட்கார்ந்த பிறகு இவன் வெயிலில் நின்றபடி செயலியை விளங்கப்படுத்துவான். ஒன்றரை வருடத்தில் அந்தக் கதிரையில் அவன் ஒருமுறைகூட உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஒருநாள் களைத்துப்போய் நான் உட்காரப் பார்த்தேன், கையைப் பிடித்து எழுப்பிவிட்டான்.

“நீ கம்பனி ஆள். நில்லு.”

எனக்குக் கோபம் வந்தது. இது என்ன விசர்ச் சட்டம் என்று கேட்டேன். கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான்.

“அம்மா என்னைக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்காத கந்தோர் இல்லை மச்சான். தண்ணிக்கு நிண்டவா, நிவாரணத்துக்கு நிண்டவா, அடையாள அட்டைக்கு, வீட்டுத் திட்டத்துக்கு, எல்லாத்துக்கும் நிண்டவா. ஒருத்தனும் இருங்கோ எண்டு சொன்னதில்லை. எங்கட சனம் நிண்டது காணும், போதும். இனி வாறவை இருக்கட்டும், நாங்கள் நிக்கிறம்.”

அதன்பிறகு நான் கதிரையைப் பற்றிப் பகிடி விடுவதைக் குறைத்துக்கொண்டேன். முற்றாக விடவில்லை.

கொழும்பில் மாணவர் கம்பனிகளுக்கு ஒரு போட்டி வந்தது. வென்றால் ஒரு வருடம் கம்பனியைத் தூக்கி நிறுத்துவார்கள். தோற்றால் கந்தோர் படிப்பு முடிந்ததும் தாய்மாமனின் கடையில் நிற்கவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. காலை பஸ்ஸில் ஏறினோம், கந்தோர், கௌரி, நான், கதிரை.

“தம்பி, உதைப் பின்னால போடும்,” என்றார் கொண்டக்டர்.

“ஏலாது அண்ணை. அது கந்தோர்.”

“என்ன கோதாரியோ, ஆள் நிக்கிற இடத்தில வைக்க ஏலாது.”

“அப்ப அதுக்கும் ஒரு ரிக்கற் தாங்கோ.”

கொண்டக்டர் கதிரையை மேலும் கீழும் பார்த்தார். “முழுவோ அரையோ?”

“முழு. அது வளர்ந்துட்டுது.”

மாங்குளத்தில் ஒரு அம்மா இரண்டு பையோடு ஏறினார். பஸ்ஸில் இடமில்லை. கந்தோர் அவரைக் கதிரையில் இருத்தினான். ரிக்கற் கேட்டு வந்த கொண்டக்டரிடம், “அவாவின்ர இடத்துக்கு ஏற்கனவே எடுத்தாச்சு அண்ணை,” என்றான். கொண்டக்டர் வவுனியா வரும்வரை எங்களோடு கதைக்கவில்லை.

போட்டி மண்டபத்தில் கதிரையை நடுவர்கள் முன்னால் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று பேசினான். தலைமை நடுவர் தமிழர், நல்ல மனிதர்தான்.

“தம்பி, செயலி எல்லாம் சரி. ஆனா நீங்க வன்னியில இருந்து வாறீங்க. யுத்தம், இடப்பெயர்வு, அதெல்லாம் முதல்ல சொல்லுங்க. கேக்கிற ஆக்கள்ட மனசு இளகும்.”

“மனசு இளகினால் மெசின் ஓடுமோ சேர்?” என்றான் கந்தோர்.

நான் அவன் காலை மிதித்தேன்.

“காலை எடு மச்சான்,” என்று மைக்கில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். “எங்கட கஷ்டம் எங்கட வீட்டுச் சாமான் சேர். அது விக்கிறதுக்கில்லை. மெசினைப் பற்றிக் கேளுங்கோ, பின்னேரம் வரைக்கும் நிண்டு சொல்லுறன்.”

வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நான் பையை மூடினேன். இறுதிச் சுற்றுக்கு அனுப்பினார்கள். ஒரே நிபந்தனை. இறுதி நாள் காலை பத்து மணிக்கு, முதலாவது பதிவுக்காரரின் வயலை மெசின் வெட்டுவதை வீடியோவில் நேரடியாகக் காட்டவேண்டும்.

முதலாவது பதிவு மாரியாயி அக்கா. அவர் பெற்றோர் தேயிலை மலையிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். தனி ஆளாக ஒரு ஏக்கர் செய்கிறார். செயலியைத் திறந்த அன்று காலை எட்டு மணிக்கு, எட்டாவது செக்கனில் பொத்தானை அமுக்கியிருந்தார்.

“போன வருசம் மெசின் வாறதுக்குள்ள மழ வந்திருச்சு தம்பி. நின்ன நெல்லு நின்னபடி மொளைச்சிருச்சு,” என்று எங்களிடம் சொன்னார். “இந்த வருசமும் போச்சுன்னா நான் வயல விட்டுட்டு கூலிக்குத்தான் போகணும்.”

“போக விடமாட்டம் அக்கா. நீங்கள்தான் முதலாம் நம்பர்,” என்றான் கந்தோர். படிவத்தில் முத்திரையும் குத்தினான்.

இறுதி நாள் வந்தது. காலை ஏழு மணிக்கு மெசின் முரசுமோட்டை றோட்டில் வந்து நின்றது. கௌரி அதற்குச் சந்தனம் பூசினாள். நான் போனைத் துடைத்துத் தயாராக வைத்தேன். முல்லைத்தீவுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது, பின்னேரம் மழை நிச்சயம். மெசின்காரர் இறங்கி வந்தார்.

“எந்த வயல் தம்பி?”

“அங்க நடுவில மஞ்சளா ஒண்டு தெரியுதெல்லோ அண்ணை, அது.”

“பாதை?”

கந்தோர் றோட்டோரத்து வரம்பில் ஏறி எட்டிப் பார்த்தான்.

“நான் என்ன பறந்தோ போறது?”

றோட்டுக்கும் மாரியாயி அக்காவின் வயலுக்கும் இடையில் ஒன்பது வயல்கள், ஒன்பதும் பச்சை. எங்கள் வயல்வெளிகளில் உள் வயலுக்குத் தனிப்பாதை கிடையாது. ஒரு வாய்க்காலில் எல்லோரும் ஒரே வயது நெல்லை விதைப்பார்கள், மெசின் றோட்டோர வயலில் தொடங்கி வெட்டி வெட்டி உள்ளே போகும். மாரியாயி அக்கா அந்த முறை மழையை முந்துவதற்காக மூன்று மாத நெல் விதைத்திருந்தார். மற்றவர்களுடையது மூன்றரை மாத நெல். நாங்கள் மூன்று பேரும் வயற்காரர் பிள்ளைகள். வரம்பில் நடை பழகியவர்கள். போன் நம்பர் கேட்டோம், அடையாள அட்டை நம்பர் கேட்டோம், வரைபடத்தில் அழகான புள்ளி வைத்தோம். மெசின் எந்த வழியால் போகும் என்று கேட்க மூன்று பேருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதைவிட வெட்கமான காரியத்தை அடுத்த நிமிடம் செய்தேன்.

“மச்சான், அங்கால றோட்டோரம் ஒரு வயல் விளைஞ்சு கிடக்கு. சொந்தக்காரரிட்டக் கேட்டு அதை வெட்டி வீடியோவில காட்டுவம். கொழும்பில இருக்கிறவைக்கு எந்த வயலெண்டு தெரியவோ போகுது?”

கந்தோர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“மாரியாயி அக்காவுக்குத் தெரியும்,” என்றான். பிறகு மெசின்காரரிடம் திரும்பினான். “அண்ணை, நாங்கள் நெல்லைக் கையால வெட்டிக் கொண்டந்து தந்தால், மெசின் நிண்ட இடத்தில நிண்டு அடிச்சுத் தருமோ?”

“அடிக்கும். ஆர் வெட்டுறது?”

கௌரி அதற்குள் பெண்கள் விடுதிக்குப் போன் எடுத்துவிட்டாள்.

எட்டரைக்கு இரண்டு விடுதிகளிலுமிருந்து நாற்பது பேர் வந்துவிட்டார்கள். முரசுமோட்டை வீடுகளில் கேட்டு வாங்கியதில் இருபத்திரண்டு அரிவாள் தேறியது. மற்றவர்கள் வெட்டியதைச் சுமந்தார்கள். ஒருவன் விடுதிக் குசினியிலிருந்து பாண் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்திருந்தான், அவனையும் சுமக்க விட்டோம். கந்தோர் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்பது வரம்பும் நடந்துபோய் மாரியாயி அக்காவின் வயல் மூலையில் வைத்தான்.

“இருங்கோ அக்கா.”

“என்னா தம்பி, என் வயல்ல நானு ஒக்காந்து பாக்கிறதா?”

“ஓம். நீங்கள் ஓடர் தந்தனீங்கள். கம்பனி வேலை செய்யும்.”

அக்கா ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெட்டுகிற அழகைப் பார்த்தார். எழும்பி என் கையிலிருந்த அரிவாளைப் பறித்தார். “இப்புடி வெட்டுனா அடுத்த பொங்கலுக்குத்தான் முடியும்,” என்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் போனார்.

பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. கௌரி சேற்றுக்குள் போனை நீட்டினாள். பன்னிரண்டு மணிக்குள் மெசின் வயலில் வெட்டுவதைக் காட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள்.

“முடியாததை முடிஞ்சுதெண்டு காட்ட ஏலாது,” என்றான் கந்தோர். “வேலையில நிக்கிறம், முடிஞ்ச உடன சொல்லுறம் எண்டு சொல்லு.”

பன்னிரண்டு மணிக்குப் பெயரை எடுத்துவிட்டார்கள். கௌரி வந்து சொன்னபோது அவன் நிமிர்ந்து கிழக்கு வானத்தைப் பார்த்தான், பிறகு குனிந்து வெட்டினான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன். அவனைக் கொழும்பில் வைத்து மிதித்த காலை நினைத்துக்கொண்டு நானும் குனிந்து வெட்டினேன்.

நாலரைக்குக் கடைசி மூட்டையைக் கட்டித் தறப்பாளுக்குள் தள்ளினோம். முதல் துளி அதன்மேல்தான் விழுந்தது. நாற்பது பேரும் மழைக்குள் நின்று கூவினார்கள். கௌரி செயலியில் ‘முடிந்தது’ என்று போட்டதும் மாரியாயி அக்காவின் போன் கிணுகிணுத்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று அது கேட்டது.

“உள்ளதைப் போடுங்கோ அக்கா,” என்றான் கந்தோர்.

அக்கா நாலு போட்டார். “வெட்டுன புள்ளைங்களுக்காக ஒண்ணு கொறைச்சிருக்கேன். அடுத்த வருசம் பழகிட்டு வாங்க.”

சில கிழமைகள் கழித்து வளாகத்தில் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். ‘தோல்வியிலிருந்து கற்ற பாடங்கள்’ என்று பதாகை கட்டியிருந்தது. கந்தோர் கதிரையோடு மேடையேறினான். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த காவலாளி ஐயாவைக் கூப்பிட்டு அதில் இருத்தினான்.

“ஒரு பாடம்தான்,” என்றான். “போனைக் கேக்கிறதுக்கு முதல் வரம்பைக் கேக்கவேணும். மற்றது, பதாகையில பிழையிருக்கு. நாங்கள் தோக்கேல்லை. எங்களுக்கு நாலு நட்சத்திரம்.”

பேச்சு அவ்வளவுதான். இறங்கிவிட்டான்.

மாமனின் கடைக்கு அவன் போகவில்லை. ‘வரிசை’ இன்னும் இருக்கிறது. இப்போது அதைத் திறந்தால் முதல் கேள்வியே, உங்கள் வயலுக்கும் றோட்டுக்கும் இடையில் யார் யாருடைய வயல் என்பதுதான். ஒரு வாய்க்காலார் எல்லோரும் சேர்ந்து பதிவு செய்யவேண்டும். அந்த வாய்க்காலின் கடைசி வயல் முடியாமல் மெசினை எந்தக் கொம்பனும் வெளியே இழுக்க முடியாது. கௌரி அங்கேதான் இருக்கிறாள். நான்தான் கொழும்புக்கு வேலைக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கினேன். ஏழு மணித்தியாலப் பயணத்தில் முதுகு பிய்ந்துபோயிருந்தது. மோட்டார் சைக்கிளோடு கந்தோர் நின்றிருந்தான். பின்னால் அதே சிவப்புக் கதிரை, ஒரு காலுக்குக் கம்பி சுற்றியிருந்தது. அவிழ்த்து, சந்தி மரத்து நிழலில் வைத்தான்.

“இரு மச்சான்.”

“நான் கம்பனி ஆளெல்லோ. நிக்கவேணும்.”

“நிண்டது காணும். இரு.”

உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் நின்றபடி அந்த வருடத்து விளைச்சலைச் சொல்லிக்கொண்டிருந்தான். கொழும்பில் நான் எத்தனையோ கந்தோர்களில் வரிசையில் நிற்கிறேன், ஒருவரும் இருக்கச் சொல்வதில்லை. பரந்தனில் எனக்கொரு கதிரை இருக்கிறது என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், கால் வலி குறைந்துவிடும்.