ஏற்றுமதித் தரத்தில் ஒட்டியது

ஆம்பூர்,
ஆடிக் கடைசி ஞாயிறு, காலை.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் பூவரசன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நான் சுகம். கம்ப்யூட்டர் சுகமில்லை. அங்கு நீங்களும் அத்தையும் பாரதியும் சுகமாக இருப்பீர்கள் என்று தெரியும். காவேரிப்பாக்கம் ஏரிக்காற்றில் சுகமில்லாமல் இருப்பது கடினம்.

காலமெல்லாம் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும் என்பீர்கள். அதனால் எழுத்தில் தருகிறேன்.

ஆடி பிறந்த அன்று சீர்த்தட்டோடு பாரதியை அழைத்துப் போக வந்தீர்கள். அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை, வீட்டிலிருந்தே. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் நின்றது. அவள் மேலாளர் வாயைத் திறந்தபடி உறைந்தார். பிறகு இருட்டு. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மறுபடி அதைப் பார்த்தீர்கள்.

"மாப்ள, இந்த டப்பாவ வெச்சிகிட்டு எப்பிடி குடும்பம் நடத்துவீங்க? சரி பண்ணிட்டு எனக்கு ஒரு லெட்டர் போடுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி நானே கூட்டிகிட்டு வந்து வுடறேன். இல்லன்னா இன்னா அவசரம்? தல தீபாவளிக்கு எப்பிடியும் எங்க வீட்டுக்குத்தான வரணும். அதுவரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

வைகாசியில் கல்யாணம். ஆடியில் பிரிவு. இடையில் இருந்த நாட்களில் நான் அதிகம் பேசவில்லை என்பது பாரதியின் குறை. 'ஒங்களுக்கு வாய் இருக்கறதே சாப்டும்போதுதான் தெரியுது' என்று ஒருமுறை சொன்னாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்போல என்று அத்தை சொன்னதாகவும் கேள்வி. உண்மைதான். படித்ததெல்லாம் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே வராது. அவள் ஊருக்குப் போன பிறகு சாயங்காலம் போன் செய்வேன். சாப்ட்டியா. சாப்ட்டேன். மழையா. இல்ல. அதன் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். ஆகவே கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

ஷூ கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை என்பது தெரியும். ஷூவை விளக்கின் கீழ் பிடித்துக் குறை கண்டுபிடிப்பேன். சரிசெய்வது வேறு பிரிவு. அந்த வேறு பிரிவில்தான் என் நண்பன் தானிஷ் இருக்கிறான். சோல் ஒட்டும் பிரிவு. அவன் ஒட்டிய சோல் எதுவும் கழன்று திரும்பி வந்ததில்லை. இந்தக் கடிதத்தில் நடக்கப்போவதற்கெல்லாம் அதுவே காரணம்.

முதலில் நோய். ஆன் செய்தால் ஓடும். ஃபேன் இரையும். சூடாகும். நின்றுவிடும். மூடியைக் கழற்றினோம். ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. அதனடியில் பல்லி முட்டை ஓடுகள். அந்த டப்பாவை வைத்துக்கொண்டு அதுவாவது குடும்பம் நடத்தியிருக்கிறது. நான் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷெல்லாம் வேலைக்காகாது என்று சொல்லி தானிஷ் டப்பாவைத் தூக்கி பைக்கில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கே போய்ட்டான். அங்கே ஷூவுக்குள் கிடக்கும் நூல் பிசிறை ஊதித் தள்ள ஏர் கன் ஒன்று இருக்கிறது. அதால் ஒரே ஊது. தூசி போச்சு. பல்லி முட்டை போச்சு. ஃபேன்ல ஒரு இறக்கையும் போச்சு. உள்ளே கொண்டுபோனபோது கேட்காத வாட்ச்மேன் வெளியே வரும்போது நிறுத்தி, மூடியைத் திறக்கச் சொல்லி, ஏதாவது தோல் துண்டு பதுக்கியிருக்கிறானா என்று டார்ச் அடித்துப் பார்த்தாராம். 'உள்ள ஒண்ணுமே இல்லியேப்பா' என்றாராம். என் பயமும் அதுதான்.

அன்று சாயங்காலம் பாரதியிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். அப்புறம் என்றாள். முதல்முறையாக.

ஃபேன் மட்டும் எதற்கு, வாங்குவதே வாங்குகிறோம், வேகத்தையும் கூட்டிவிடலாம் என்று தோன்றியது. வேலூருக்குப் போனேன். பஜார் பக்கம் மாடியில் பிரேம்நாத் என்பவர் கடை. மெமரி வேண்டும் என்றேன். எது என்றார். நல்லதா குடுங்க என்றேன். நல்லதாகத்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் வெட்டு ஒரு இடத்தில், போர்டில் இருக்கும் மேடு வேறு இடத்தில். தானிஷ் ஒரு அரத்தை எடுத்தான். அவன் பிரிவில் சோல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் தேய்த்துவிடுவார்களாம். நான் தடுத்துவிட்டேன். இதைக் குறிப்பாக எழுதக் காரணம், பிற்பாடு நான் தடுக்கவில்லை.

அடுத்த நாள் டப்பாவையே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேலூர் பஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும் மாமா. பாதி பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ஆளுக்கொரு ஸ்கேன் கவர். பக்கத்தில் ஒரு பெரியவர். டப்பாவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். இன்னாப்பா பிரச்சனை என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்ச நேரம் ஓடுது, சூடாவுது, நின்னுடுது என்றேன். தலையாட்டினார். 'எங்க வீட்ல அவளுக்கும் இதேதான். பயப்படாத. தூசி ஆவாது. ஜாஸ்தி வேல குடுக்காத. மதியத்துல கொஞ்சம் படுக்க வை' என்றார். இறங்கும்போது டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் சொன்னபடி செய்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது.

பிரேம்நாத் சரியான மெமரியைப் போட்டார். பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியது மாட்டினார். அது சத்தமே போடாது என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. ஃபேன் மட்டும் சென்னையிலிருந்து வரவேண்டும், பஸ் பார்சலில் அனுப்பிவிடுகிறேன், நீங்களே மாட்டிக்கொள்ளலாம், நாலு ஸ்க்ரூதான் என்றார். பிராசஸர் சில்லுக்கும் ஃபேனின் அடித்தகட்டுக்கும் நடுவே தடவ, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பேஸ்ட் குழாயும் கொடுத்தார். பட்டாணி அளவு போதும் சார்.

ஃபேன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தானிஷும் வந்தான். நான் பேஸ்ட்டைப் பிதுக்கினேன். அவன் அதை விரலால் தொட்டு, விரல்களைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"தோஸ்த், இதுல பிடிப்பே இல்ல. நாளைக்கு பாபி வந்து மீட்டிங்ல உக்காந்திருக்கும்போது கழண்டுச்சின்னா யாருக்கு பேஜாரு?"

பாபி என்றால் அண்ணி, பாரதியைச் சொல்கிறான். மாமா, அந்தக் கேள்விக்கு முன்னால் நான் ஒரு முதுகலைப் பட்டதாரி அல்ல. மனைவி ஊரில் இருக்கும் ஒருவன், அவ்வளவுதான். அந்தப் பேஸ்ட் ஒட்டுவதற்கு அல்ல, சூட்டைக் கடத்துவதற்கு என்று பிறகு தெரிந்தது. பிறகுதான். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பரப்பு, நடுவில் பசை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே பொருள்தான்.

தானிஷ் முறைப்படி செய்தான். குறை சொல்ல முடியாது. பேஸ்ட்டைத் துடைத்தெறிந்தான். சில்லின் முதுகை உப்புத்தாள் வைத்துச் சொரசொரப்பாக்கினான், ஏனென்றால் வழவழப்பில் பசை நிக்காது. ஃபேன் தகட்டையும் அப்படியே. ரெண்டுக்கும் கம்பெனி பசை ஒரு கோட்டு பூசினான். காயவிட்டு இன்னொரு கோட்டு. தொட்டா ஒட்டறாப்ல இருக்கணும், ஆனா விரல்ல வரக்கூடாது, அந்தப் பதத்துக்குக் காத்திருந்தோம். அங்கே சூடுபடுத்த மெஷின் இருக்கிறது, இங்கே இல்லை. பாரதி விட்டுப்போன ஹேர் ட்ரையரை எடுத்தோம். சூடு ஏத்தி, வெச்சி, அழுத்தி, அவன் ரெண்டு கையாலயும் புடிச்சிக்க நான் அவன் தோள்மேல சாய்ஞ்சி எடை குடுத்தேன். கடைசியில் என் தொழிலை நானும் செய்தேன். விளிம்பில் பசை பிதுங்கவில்லை. இடைவெளி இல்லை. சாய்வு இல்லை. ஏற்றுமதித் தரம். பாஸ் என்றேன்.

ஆன் செய்தோம். விளக்கு எரிந்தது. புது ஃபேன் கோயில் காற்றாடி மாதிரி சுற்றியது. திரையில் கம்ப்யூட்டர் கம்பெனியின் பெயர் வரத் தொடங்கியது. பாதிப் பெயரில் நின்றது. மறுபடி போட்டோம். கால் பெயரில் நின்றது. முன்பாவது ஒரு காபி குடிக்கும் நேரம் ஓடும். இப்போது 'முருகா' என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விடுகிறது.

பிரேம்நாத்துக்கு போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். எந்தப் பேஸ்ட் என்றார். சொன்னேன். மறுமுனையில் நீண்ட அமைதி. நான் பேசாமல் இருக்கும்போது பாரதிக்கு எப்படி இருக்கும் என்று புரிந்தது.

"சார், அது ஷூவுக்கு சார்."

"தெரியும்ங்க."

"பிரிக்க வருதா பாருங்க."

இழுத்தோம். வந்தது. ஃபேனும் வந்தது, அதோடு சில்லும் வந்தது. தன் இருக்கையிலிருந்து வேரோடு. கால்களில் சில வளைந்திருந்தன. ஆனால் ஃபேனை விடவில்லை. கத்தி வைத்துப் பார்த்தோம், தின்னர் விட்டுப் பார்த்தோம், நான் குறடால் ஒரு பக்கமும் தானிஷ் மறு பக்கமும் இழுத்துப் பார்த்தோம். தானிஷுக்கு வருத்தம்தான். ஆனால் இடையிடையே பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. பாத்தியா, வரல, பாத்தியா, என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அது போன ஞாயிறு. இந்த வாரம் முழுதும் இன்னா பண்றதுன்னு யோசிச்சோம் மாமா. நேற்றுதான் வழி கிடைத்தது. கம்பெனியில் பசையை இளக்கும் சூட்டு அறை இருக்கிறது. நாளை திங்கள்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபேனையும் சில்லையும் ஒரு ஷூ டப்பாவில் வைத்து உள்ளே அனுப்பப்போகிறோம். போர்டும் கூடப் போகும், ஈரம் இருந்தால் காயட்டும் என்று தானிஷ் சொல்கிறான். பிரிந்ததும் கால்களை நிமிர்த்தி, இந்த முறை பிரேம்நாத் பேஸ்ட்டையே தடவி மாட்டிவிடுவோம். நேற்றுச் சாயங்காலம் பாரதியிடம் சொன்னேன். சூட்டு அறையிலயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள். சிக்னல் கோளாறாக இருக்கும்.

ஆகவே கெடுவை நாலு நாள் நீட்டித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆவணி நாளை மறுநாள் பிறக்கிறது. தீபாவளி ஐப்பசியில். நடுவில் ஒரு புரட்டாசி முழுதாக இருக்கிறது. வீடு சுத்தமாக இருக்கிறது. யாரும் எதையும் கலைப்பதில்லை. பாரதியின் நாற்காலியில் ஸ்க்ரூக்களை வைத்திருக்கிறேன். வேறு எதையும் வைக்கவில்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன். உங்கள் இருவர் ஆசியும் எனக்கும், முடிந்தால் டப்பாவுக்கும், வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகன்
பூவரசன்

பின்குறிப்பு: அதே ஞாயிறு, மாலை. கவரை ஒட்டுவதற்கு முன் இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

மதியம் கதவு தட்டப்பட்டது. பாரதி. ஒரு கையில் அத்தை கொடுத்த மாவடு, மறு கையில் பை. "இன்னாத்த அடுப்புல வெக்கப் போறீங்க?" என்றாள். பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள். புதுசு. அவள் ஆபீஸ் அனுப்பியது. ஆடி முதல் வாரத்திலேயே காவேரிப்பாக்கத்துக்கு கூரியரில் வந்துவிட்டதாம். தனியார் கூரியரை நீங்கள் வாசலிலேயே நிறுத்தி, ஆதார் கேட்டு, அரை மணி விசாரித்து, பிறகு கையெழுத்துப் போட்டு வாங்கினீர்களாம்.

மாமா, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் உடனே எனக்குச் சொல்லப் போனபோது நீங்கள் தடுத்ததாகச் சொல்கிறாள். 'நமக்கு இப்பல்லாம் யாரு லெட்டர் போடறாங்க? மாப்ள எழுதறேன்னாரு. வரட்டும், கெடுக்காத' என்றீர்களாம். நீ ஏன் சும்மா இருந்தாய் என்று அவளிடம் கேட்டேன். நாற்காலியிலிருந்த ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். 'அந்த பஸ்ஸு பெரியவரு இன்னா சொன்னாரு, மொதல்லேர்ந்து சொல்லுங்க' என்றாள். சொல்லிக்கொண்டிருக்கிறேன். தானிஷ் வந்து பார்த்துவிட்டு, ஒட்டியதை ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன் என்று ஃபேனையும் சில்லையும் எடுத்துக்கொண்டு போய்ட்டான்.

ஒன்று மட்டும். வேலூரில் சிநேகிதி வீட்டில் தங்குகிறாள் என்று அத்தை உங்களிடம் சொல்லியிருப்பார். அவரைக் கோபிக்க வேண்டாம். ஆடி முடியவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எழுதிய தேதி செல்லாது, ஆபீஸ் முத்திரைத் தேதிதான் செல்லும் என்று கல்யாணப் பந்தியில் எனக்குச் சொன்னவர் நீங்கள். இந்தக் கடிதத்தை ஆவணி ஒன்றாம் தேதிதான் தபாலில் சேர்க்கப்போகிறேன்.

முத்திரையை மட்டும் பாருங்கள், மாமா.